எங்கள் காணிக்கு வந்த குப்பை

தலைமன்னார் வீதியோரக் கடைத்தெருவில் நான் தையற்கடை போட்ட புதிதில் குப்பைக்கென்று யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. காலையில் பிரதேச சபையின் ட்ரக்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு வரும். கடை வாசலில் வைத்திருக்கும் உரப்பையையும் கடதாசிப் பெட்டியையும் தொழிலாளர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். வருடத்துக்கு ஒருமுறை கட்டும் சோலைவரிக்குள்ளும் கடை அனுமதிக் கட்டணத்துக்குள்ளும் அந்தச் செலவு அடங்கியிருந்தது. நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

சண்டை முடிந்து, இந்தியாவில் முகாமில் இருந்த நாங்கள் திரும்பி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கு பார்த்தாலும் வீடு கட்டினார்கள், கடை திறந்தார்கள். சாப்பாட்டுப் பார்சல், மீன், சீனி, சட்டை எதை வாங்கினாலும் ஒரு பொலித்தீன் பை கூடவே வந்தது. சபை குப்பை கொட்டும் இடம் மேடாகிவிட்டது. கழுதைகள் அங்கிருந்து பைகளை இழுத்து வந்து வீதியில் நின்று மெல்லும். வாகனக்காரர் ஹோர்ன் அடித்தாலும் அசையாது.

ஒரு நாள் கடைக்காரர்கள் எல்லோரையும் சபைக்குக் கூப்பிட்டார்கள். புதிய இடம் எடுக்க வேண்டும், ட்ரக்டருக்கு டீசல் அடிக்க வேண்டும், வரிக்காசு அதற்குப் போதவில்லை என்று சபைத் தலைவரான தவிசாளர் சொன்னார். இனிமேல் எவ்வளவு குப்பையோ அவ்வளவு காசு. கடைகள் சபையின் முத்திரை குத்திய பைகளை விலைக்கு வாங்க வேண்டும். அந்தப் பையில் கட்டி வைத்தால்தான் ட்ரக்டர் எடுக்கும். கலியாண மண்டபங்களும் பெரிய சாப்பாட்டுக் கடைகளும் ட்ரக்டர்ப் பெட்டிக் கணக்கில் கட்ட வேண்டும். "கையால காசு போனால்தான் குப்பை குறையும்" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

என் கடையில் அவர் சொன்னது நடந்தும் விட்டது. வெட்டுத்துணியைப் பைக்குள் போட்டுக் காசை எறிய எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து ஒழுங்கையில் தலையணையும் கால்மிதியும் செய்கிற ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, எல்லாத் துண்டுகளையும் அவளுக்கே கொடுத்தேன். நூற்கட்டையும் தேத்தண்ணிச் சக்கையும் மட்டும் மிஞ்சின. சபையின் ஒரு பை எனக்குப் பல நாள் போதுமாக இருந்தது.

மற்றக் கடைகளின் வாசலிலும் பைகள் குறைந்தன. ட்ரக்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரத் தொடங்கியது. சபையில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நானும் எல்லோரும் என்னைப் போலத்தான் ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஓலைத்தொடுவாய்ப் பக்கம் எங்களுக்கு ஒரு காணி இருந்தது. எனக்குச் சீதனமாக எழுதிய மணல் நிலம். நடுவில் பனைகள், ஓரத்தில் இளம்பனை வடலி. மூன்று பக்கமும் முள்ளுக்கம்பி அடித்திருந்தோம். வீதிப் பக்கம் மட்டும் படலைக் கதவு போடாமல் திறந்து கிடந்தது. வாடகை வீட்டில் இருந்த நாங்கள் அங்கேதான் வீடு கட்டுவதாக இருந்தோம். என் கணவர் மீன்பிடி வள்ள எஞ்சின்கள் திருத்துகிறவர். கையில் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்ததும் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காணிக்குப் போவார். குசினி எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று மணலில் தடியால் கீறிப் பார்ப்போம். அடுத்த முறை போகும்போது காற்று அதை அழித்திருக்கும். திரும்பவும் கீறுவோம்.

புதிய கட்டணம் வந்து கொஞ்ச நாளில், படலை இல்லாத பக்கத்தில் ஒரு உரப்பை கிடந்தது. உள்ளே கோழிச் செட்டையும் குடலும். கழுதை இழுத்து வந்திருக்கும் என்று சொல்லி, கணவர் குழி வெட்டித் தாட்டுவிட்டார். அடுத்த தடவை போனபோது நாலைந்து பைகள். அதற்கு அடுத்த தடவை நாங்கள் மோட்டார் சைக்கிளை வீதியிலேயே நிறுத்திவிட்டோம். நாற்றம் அதற்கு மேலே விடவில்லை. குசினிக்கென்று கீறிய இடத்தில் என் இடுப்பளவுக்குக் குப்பை கிடந்தது. சாப்பாடு கட்டுகிற ரெஜிபோம் பெட்டி, தண்ணிப் போத்தல், மண்டபங்களில் தட்டுக்கு மேலே போடுகிற லஞ்ச் சீற். சோளகக் காற்றில் அந்தச் சீற்றுகள் பறந்துபோய் முள்ளுக்கம்பி முழுக்கவும் வடலி முழுக்கவும் ஒட்டிக்கொண்டு படபடத்தன. காகங்கள் எங்களைப் பார்த்து எழும்பக்கூட இல்லை.

நான் அழவில்லை. ஆனால் வீடு கட்டுகிற ஆசை அந்த நேரத்தில் கொஞ்சம் அற்றுத்தான் போனது.

பக்கத்துக் காணியில் ஒரு பெண் இருந்தாள். புருஷனும் மகன்மாரும் கரைவலைக்குப் போகிறவர்கள். அவளிடம் போய்க் கேட்டேன்.

"நீங்கள்தான் ஆள் வைச்சுக் குப்பை கொண்டுவந்து பறிக்கிறியள் எண்டு நினைச்சம்" என்றாள் அவள். "பள்ளம் நிரப்பி வீடு கட்டப் போறியள் எண்டு இவர் சொன்னவர்."

"குப்பையால ஆர் பள்ளம் நிரப்பிறது?"

"இப்ப எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம். மத்தியானத்தில வருவினம். வெயிலுக்குச் சனமெல்லாம் படுத்திருக்கிற நேரம். பெட்டி பூட்டின லேண்ட்மாஸ்டர் மெசின் சத்தம் கேக்கும், எழும்பிப் பார்க்கிறதுக்குள்ள போயிடும்."

அந்த மாதமே பீ.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் என் கடைக்கு வந்தார். மரியாதையான மனிதர். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. காணியில் டெங்கு நுளம்பு பெருகக்கூடிய போத்தல்களும் பெட்டிகளும் கிடப்பதாகவும், கொடுத்த தவணைக்குள் துப்புரவு செய்யாவிட்டால் வழக்குப் போட வேண்டி வரும் என்றும் சொன்னார்.

"ஐயா, அது எங்கட குப்பை இல்லை. ஆரோ கொண்டுவந்து கொட்டுறாங்கள்."

"ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"தெரிஞ்சால் அவைக்கு வழக்குப் போடுவன். தெரியாட்டில் காணிக்காரர்தான் பொறுப்பு. சட்டம் அப்பிடி. நான் என்னம்மா செய்யிறது?" கொஞ்சம் நின்றுவிட்டு, "படலை ஒண்டு போட்டிருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் அவர் போன பிறகு தைக்க எடுத்த சட்டையை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் சபைக் கந்தோருக்குப் போனேன். குப்பையை அள்ளித் தர முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் பெட்டிக் கணக்கில் கட்ட வேண்டும் என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். எத்தனை பெட்டி வரும் என்று விசாரித்துவிட்டு அவர் சொன்ன தொகை, கடையில் நான் மூன்று மாதம் தைத்தாலும் கையில் மிஞ்சாது.

"தம்பி, மற்றாக்கள் கட்டாமல் விட்ட காசையெல்லாம் நான் கட்டச் சொல்லுறியளோ?"

அவர் சங்கடப்பட்டார். "உங்கட காணியில கிடக்குதுதானே அக்கா" என்று மட்டும் சொன்னார்.

இப்படி நான் கந்தோருக்குப் போய் வந்த கதை எப்படியோ வெளியே போயிருக்கிறது. இரண்டொரு நாளில் ஒருவன் கடை வாசலில் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாய் சுற்றியிருந்தான்.

"அக்கா, ஓலைத்தொடுவாய்க் காணி உங்கடதோ?"

"ஓம்."

"குப்பை அள்ளோணும் எண்டு கேள்விப்பட்டன். என்னட்ட லேண்ட்மாஸ்டர் இருக்கு. சபை கேக்கிறதில பாதி தந்தாக் காணும்."

"எங்க கொண்டுபோய்ப் போடுவீர்?"

"அது என்ர பாடு அக்கா. உங்கட காணி துப்புரவா இருக்கும். பீ.எச்.ஐ. ஐயாவும் ஒண்டும் சொல்லமாட்டார்."

பின்னேரம் வருகிறேன் என்று போய்விட்டான். கணவரிடம் சொன்னபோது அவருக்குப் பெரிய ஆறுதல். "விடு, அவன் கொண்டு போகட்டும். பாதிக் காசோட முடியுதெண்டால் நல்லதுதானே" என்றார். எனக்கும் அந்தப் பாதியை நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே போடுவான் என்று தெரியாமல் காசு கொடுக்க எனக்கு இயலவில்லை. அவன் திரும்பி வந்தபோது, இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "நாளைக்குக் காலமை வாங்கோ, காட்டுறன்" என்றான்.

அடுத்த நாள் அவன் லேண்ட்மாஸ்டரில் முன்னே போக, நாங்கள் பின்னால் போனோம். பெரிய வீதியை விட்டு ஒரு மணல் ஒழுங்கைக்குள் திரும்பினான். பனைகளுக்கு நடுவில் கூரை இல்லாத ஒரு கல்வீடு. யன்னல் மரங்களைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். முற்றத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் இருந்தது. அங்கும் அதே லஞ்ச் சீற், அதே போத்தல்.

"இது ஆற்ற காணி?" என்று கேட்டேன்.

"தெரியாது அக்கா. கனடாவில இருக்கினமாம். ஆரும் வாறேல்லை."

அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். குசினிச் சுவரில் அடுப்புக் கரி அப்படியே இருந்தது. யாரோ சமைத்த இடம்.

"எங்கட காணியைப் பற்றியும் உமக்கு இப்பிடித்தான் ஆரும் சொன்னவையோ?" என்று கேட்டேன். ஏதோ ஒரு சந்தேகத்தில்தான் கேட்டேன். தெரிந்து கேட்கவில்லை.

அவன் குனிந்து லேண்ட்மாஸ்டரின் எஞ்சினை நிறுத்தினான். "ஓம் அக்கா. இந்தியாவில இருக்கினம், இனி வரமாட்டினம் எண்டுதான் சொன்னவை."

என் கணவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினார். "அப்ப அங்க பறிச்சது நீயோ?"

"மண்டபத்துச் சாமான் நான்தான் பறிச்சனான் அண்ணை. கோழிச் செட்டை என்ர இல்லை."

கணவர் அவனுடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்துவிட்டார். அவன் கையைத் தட்டிவிடவும் இல்லை, ஓடவும் இல்லை. எனக்குத்தான் பயமாகப் போய்விட்டது. விடுங்கோ, விடுங்கோ என்று நடுவில் போய் நின்றேன். கொட்டினவனே வந்து அள்ளித் தருகிறேன் என்று காசு கேட்டிருக்கிறான். எனக்கும் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்த்தபோது, ஏன் இப்படிச் செய்தான் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

அவன் பெருநிலப் பக்கம் நறுவிலிக்குளத்தைச் சேர்ந்தவன். வயல் உழுவதற்கென்று வாங்கிய லேண்ட்மாஸ்டர். உழவு முடிந்தால் அறுவடை வரைக்கும் அதற்கு வேலை இல்லை. மணல் ஏற்ற அனுமதி வேண்டும். அப்படிச் சும்மா இருந்த நேரத்தில்தான் இங்கே மன்னார்த் தீவில் ஒரு கலியாண மண்டபக்காரர் கூப்பிட்டிருக்கிறார்.

"சபைக்குக் கட்டுறதில கால்வாசிதான் அவர் எனக்குத் தாறவர்" என்றான். "அந்தக் காசை வாங்கிக்கொண்டு நான் சபையின்ர இடத்துக்குக் கொண்டுபோகேலாது. அங்க வாசல்லயே பெட்டிக்கு வாங்குவினம். பிறகு எனக்கு டீசலுக்கும் மிஞ்சாது. அவருக்கும் அது தெரியும். எங்க போட்டனி எண்டு ஒரு நாளும் கேட்டதில்லை."

"எந்த மண்டபம்?"

அவன் சொன்னான். என் கணவர் மணலில் குந்திவிட்டார். அந்த மண்டபக்காரர் அவருக்கு மச்சான் முறை.

வீட்டுக்கு வரும் வழியில் நான் என் காணிக்குப் போகச் சொன்னேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு குவியலின் ஓரத்தைத் தடியால் கிளறிப் பார்த்தேன். கேக் பெட்டிகள் ஒரு கட்டு வந்தது. மூடியில் பொன் நிறத்தில் பொம்பிளை மாப்பிள்ளையின் முதல் எழுத்துகள். அந்தக் கலியாணத்துக்குத் தோழிப்பெண்களின் சட்டைகள் தைத்தது நான்தான். நாங்கள் இரண்டு பேரும் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்த கலியாணம்.

பொம்பிளையின் தாய் எனக்கு நல்ல பழக்கம். அன்று பின்னேரம் அவரிடம் போய், மண்டபத்துக்கு என்னென்ன காசு கட்டினீர்கள் என்று கேட்டேன். மண்டப வாடகை, கதிரைச் சீலை, ஜெனரேற்றர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், "குப்பைக்கும் வேறயாக் கட்டினனாங்கள். சபைக்குக் கட்டோணுமாம், இப்ப சட்டமாம்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். சபை ஒரு பெட்டிக்கு வாங்குவதை விடக் கொஞ்சம் கூடவே வாங்கியிருந்தார்கள்.

மண்டபத்துக்கு வர முதலில் கணவர் மறுத்தார். சொந்தத்துக்குள் சண்டை வேண்டாம் என்றார். நான் தனியாகப் போவதாகச் செருப்பைப் போட்ட பிறகு அவரும் எழும்பி வந்தார்.

அன்று மண்டபத்தில் நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆட்கள் நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மண்டபக்காரர் எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்து, கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணிக்குச் சொன்னார். ஏதோ நல்ல காரியத்துக்கு மண்டபம் கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

"அண்ணை, போன மாசக் கலியாணத்துச் சாமான் எங்கட காணியில கிடக்குது" என்றேன்.

"எந்தக் காணி?"

"ஓலைத்தொடுவாய்ல. படலை இல்லாத காணி."

அவர் முகம் மாறியது. "அது உங்கடதோ? எனக்குத் தெரியாது பிள்ளை. தெரிஞ்சிருந்தால் அதில பறிக்க விட்டிருப்பனே?"

"வேற ஆற்றையும் எண்டால் பறிக்கலாமோ?"

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

"மச்சான், நீயாவது யோசி" என்றார் அவர். "சபை கேக்கிறதை நான் அப்பிடியே கட்டினால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் எவ்வளவு போகும்? சனம் முதல்ல வாடகையைத்தான் கேக்குது. மன்னார் ரவுணில ஒரு மண்டபம் குப்பைக்கு ஒண்டும் வாங்கிறேல்லை. எங்க கொட்டுறாங்களோ, ஆருக்குத் தெரியும். நான் மட்டும் ஒழுங்கா இருந்தால் மண்டபத்தைப் பூட்டிப்போட்டுப் போகோணும்."

"ஆனால் பொம்பிளை வீட்டுக்காரரிட்ட சபைக் காசெண்டுதானே வாங்கினனீங்கள்?" என்றேன்.

அவர் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. தேத்தண்ணி வந்தது. ஒருவரும் குடிக்கவில்லை. பிறகு குரலைக் குறைத்து, "சரி, நான் அள்ளுவிக்கிறன். சபை இடத்துக்கே அனுப்பிறன். வாசல்ல கட்டுறதையும் நானே கட்டுறன். ஆனால் கோழிச் செட்டைக்கு நான் பொறுப்பில்லை, சொல்லிப்போட்டன்" என்றார்.

அவர் சொன்னபடி செய்தார். அதனால் நாங்கள் குப்பையை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. லேண்ட்மாஸ்டர்காரனும் என் கணவரும் முகத்தைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு அந்த வெயிலில் நின்று மண்டபத்துச் சாமானை ஒரு பக்கமும் செட்டைப் பைகளை மறு பக்கமுமாக ஒதுக்கினார்கள். சேட்டைப் பிடித்தவரும் பிடிபட்டவனும் மத்தியானம் நான் கொண்டுபோன சோற்றை ஒரே பனை நிழலில் இருந்து சாப்பிட்டார்கள். கணவர் லேண்ட்மாஸ்டரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அதில் என்ன பிழை என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செட்டையில் பெயர் எழுதியிருக்காது. எனக்குப் பழக்கமான கோழிக்கடை, சந்தியில் முஸ்லிம் நாநா ஒருவர் வைத்திருந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை கோழி அவரிடம்தான் வாங்குவேன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டு, எங்களைப் போலவே திரும்பி வந்த குடும்பம். அவரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

அவர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தார். "என்ர இல்லையெண்டு சத்தியம் பண்ண ஏலாது தங்கச்சி" என்றார். "ஒரு ஓட்டோக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போறான். எங்க போடுறான் எண்டு நான் கேக்கிறேல்ல."

"சபைப் பை வாங்கினனீங்கள்தானே?"

"முதல்ல வாங்கினன். உங்கட துணி மாதிரி இல்லை இது, தண்ணியும் இரத்தமும். நாளுக்கு எத்தனை பை போகும் தெரியுமா? பை வாங்கின காசைக் கோழி விலையில போட்டன். எதிர்ப் பக்கத்துக் கடைக்காரன் பை வாங்கயில்ல, விலையும் கூட்டயில்ல. சனம் அங்க போச்சு. பிறகு ட்ரக்டரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எண்டாங்கள். வெயிலுக்கு அதைக் கடைக்குள்ள வைச்சிருக்க ஏலுமா?" தன் கைகளைப் பார்த்தபடி, "ஹலாலாத்தான் அறுக்கிறன். தராசிலயும் ஆரையும் ஏமாத்தயில்ல. இந்த ஒரு விஷயம்தான் மனசுக்குச் சரியில்லாம இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டி, ஜும்மா முடிந்ததும் அவர் மருமகனைக் கூட்டிக்கொண்டு, ஒரு மூட்டை சுண்ணாம்போடு காணிக்கு வந்தார். மூலையில் ஆழமாகக் குழி வெட்டி, எல்லாப் பைகளையும் கிழித்துக் கொட்டி, சுண்ணாம்பு தூவி மூடினார்கள். எதிர்க் கடைக்காரனின் செட்டையும் அதற்குள் இருந்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மேல ஒரு தென்னை வையுங்க" என்றார். வைத்தோம். பிடிக்கவில்லை, கருகிவிட்டது.

பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு வழக்கு இல்லை என்றார். நாங்கள் படலை போட்டோம். அத்தோடு எங்கள் பிரச்சினை முடிந்தது. ஆனால் குப்பை முடியவில்லை. எங்கள் படலையைத் தாண்டிப் போய் அடுத்த வெறுங்காணியில் பைகள் விழத் தொடங்கின. கரைவலைக்காரரின் மனைவி என்னைக் கண்டபோது, "நீங்கள் படலை போட்டியள், இப்ப எங்கட பின்பக்கத்துக்கு வருது" என்றாள். குற்றம் சொல்லும் குரலில்தான் சொன்னாள். அது எனக்குச் சுட்டது.

அதற்குப் பிறகுதான் பொதுமக்கள் சந்திப்பு நாளில் சபைக்குப் போனேன். நாநாவும் இன்னும் சில கடைக்காரரும் வந்தார்கள். மண்டபக்காரர் வரவில்லை. நான் மேடையில் பேசிப் பழகினவள் இல்லை. நடந்ததை நடந்தபடி தவிசாளருக்குச் சொன்னேன், ஆட்களின் பெயர் சொல்லாமல்.

"ஆரெண்டு சொல்லுங்கோ, தண்டம் அடிப்பம்" என்றார் அவர்.

"அப்பிடியெண்டால் எல்லாருக்கும் அடிக்கோணும் ஐயா" என்றார் நாநா. "பை வாங்கினவனுக்கு நட்டம், கொட்டினவனுக்கு இலாபம். அப்பிடி இருக்கிற மட்டும் கொட்டுவாங்கள். கொட்டினாலும் மிச்சம் வராத மாதிரி ஒரு வழி செய்யுங்க."

தவிசாளருக்கு அது உடனே பிடிக்கவில்லை. பைக் கட்டணத்தால் குப்பை குறைந்துவிட்டது என்று மேலிடத்துக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். பரிசோதகர் எழும்பி, குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, எங்கெங்கே என்று தான் காட்டுவதாகச் சொன்னார். அவர் அப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முடிவுக்கு வர அடுத்த வருடமாயிற்று. முத்திரைப் பை நின்றது. கடையின் வகையைப் பார்த்து அனுமதிக் கட்டணத்தோடு எல்லோரிடமும் குப்பைக்காசு சேர்த்து வாங்கினார்கள். கட்டியாகிவிட்டால், பிறகு கொட்டி மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. ட்ரக்டர் திரும்பவும் தினமும் வந்தது. மண்டபங்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பணம் கட்ட வேண்டும். சபை இடத்தில் குப்பையை ஒப்படைத்தால் அந்த முன்பணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். மண்டபக்காரர் எங்களோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அவருடைய மகளின் கலியாணத்துக்குச் சட்டை தைக்க என்னிடம்தான் வந்தார்கள். லேண்ட்மாஸ்டர்காரன் இப்போது மண்டபங்களின் குப்பையைச் சபை இடத்துக்கு ஏற்றுகிறான். கூலி முன்பைவிடக் கூட என்று கணவரிடம் சொன்னானாம்.

எனக்குச் செலவு கூடிவிட்டது. வெட்டுத்துணியைத் தலையணைக்காரிக்குக் கொடுத்தாலும் ஒன்றுதான், ட்ரக்டரில் போட்டாலும் ஒன்றுதான். நானும் இப்போது முன்பு போலப் பிரித்து வைப்பதில்லை. அவள் வந்து கேட்டால் கொடுப்பேன், வராவிட்டால் பையோடு வாசலில் வைத்துவிடுவேன். தவிசாளர் முதலில் சொன்னதிலும் உண்மை இருந்தது என்று அப்போதெல்லாம் நினைப்பேன். கனடாக்காரரின் காணியில் கிடந்த குவியல் அப்படியே கிடக்கிறது. அந்தக் குடும்பத்தின் விலாசம் சபையில் யாரிடமும் இல்லை.

வீடு கட்டி இப்போது ஓலைத்தொடுவாயில்தான் இருக்கிறோம். கட்டி முடியும் தறுவாயில் உடைந்த கல்லும் சீமெந்துக் கட்டியும் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. கட்டட இடிபாட்டுக்கு மட்டும் சபை இன்னும் பெட்டிக் கணக்கில்தான் வாங்குகிறது. கடற்கரை வீதியோரம் இப்போது அதுதான் மேடு மேடாகக் கிடக்கிறது.

"அதை நான் எங்கயாவது போட்டுவிடுறன் அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார் வீடு கட்டின மேசன்.

கணவர் என்னைப் பார்த்தார். பின் விறாந்தைக்குச் சீமெந்து நிலம் இன்னும் போடவில்லை. எல்லாவற்றையும் அதற்குள்ளேயே கொட்டி, உடைத்து, இடித்து இறுக்கச் சொன்னோம். அதற்கும் ஒரு நாள் கூலி வேண்டும் என்றார் மேசன். கொடுத்தோம்.